கயிற்றை இழுத்தால் நிற்கும் தொழிற்சாலை

ஒரு தொழிற்சாலை சீர்கெட்டுப் போனால், அதற்குக் காரணம் அங்கு உழைப்பவர்களா, அல்லது அவர்களை நடத்தும் முறையா? முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்தி வரும் இவ்வினாவுக்கு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமாண்ட் நகரிலுள்ள ஒரு கார்த் தொழிற்சாலையின் வரலாறு தெளிவான விடை பகர்கிறது.

ஓடிக் கொண்டேயிருந்த வரிசை

1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இவ்வாலையை நிறுவியது. நகரும் வரிசையில் கார்கள் ஊர்ந்து வர, தொழிலாளர்கள் தத்தம் இடத்தில் நின்றவாறே உறுப்புகளைப் பூட்டுவர். வரிசை எக்காரணத்தாலும் நிற்கலாகாது என்பதே அங்கு எழுதாச் சட்டம். தவறாகப் பூட்டப்பட்ட கார்களும் அப்படியே நகர்ந்து சென்று, இறுதியில் பழுது பார்க்கும் இடத்தில் குவிந்தன. நிர்வாகத்திற்கும் சங்கத்திற்கும் ஓயாத பூசல். நூற்றுக்கு இருபது பேர் வரை வேலைக்கு வாராத நாட்களும் உண்டு. 1982இல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருவாயை இழந்தன.

அதே மனிதர்கள், புதிய முறை

ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக, "நும்மி" என்ற பெயரில் 1984இல் அதே ஆலையை மீண்டும் இயக்கின. புதிதாக அமர்த்தப்பட்டோரில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் பழைய தொழிலாளர்களே! நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். மேலாளர்களும் தொழிலாளர்களும் ஒரே உணவகத்தில் உண்டனர்.

எல்லாவற்றினும் முக்கியமானது, வரிசையின் மேலே தொங்கிய ஒரு கயிறு. குறை கண்ட எவரும் அதை இழுக்கலாம். உடனே பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் உதவிக்கு விரைவார். உரிய நேரத்திற்குள் குறை தீரவில்லையெனில் வரிசையே நின்றுவிடும். இழுத்தவரை எவரும் கடிந்து கொள்வதில்லை. தவறு எங்கு பிறந்தது என்றே ஆராய்வர்.

விளைவு வியப்புக்குரியது. இரண்டே ஆண்டுகளில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளுள் தரத்தில் முன்னிற்கும் நிலையை நும்மி எட்டியது. வேலைக்கு வாராதோர் மிகச் சிலராயினர். 1988இல் விற்பனை சரிந்தபோதும் எவரையும் வெளியேற்றாது, அவர்களுக்குப் பயிற்சியளித்தது நிர்வாகம்.

பின்னர் நேர்ந்தது

எனினும், நல்ல முறை மட்டுமே ஓர் ஆலையைக் காத்துவிடாது. 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டாவும் தொடர விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று இறுதிக் கார் வெளிவந்தது. சுமார் 4,700 பேர் வேலையிழந்தனர். அவ்வாண்டே டெஸ்லா நிறுவனம் 4 கோடியே 20 இலட்சம் டாலருக்கு ஆலையை வாங்கி, 2012 முதல் அங்கு மின்சாரக் கார்களை உருவாக்கி வருகிறது.

வாசகர்களே! ஃப்ரீமாண்டில் மாறியவர்கள் மனிதர்கள் அல்லர். அவர்கள் நடத்தப்பட்ட விதமே மாறியது. நம் கடையில் பணிபுரியும் சிறுவனோ, வீட்டில் நம் பிள்ளையோ "இங்கே தவறு நேர்ந்துவிட்டது" என்று அஞ்சாமல் நம்மிடம் வந்து கூற முடிகிறதா? முடியாதெனில், அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் நாம் இன்னும் அந்தக் கயிற்றைத் தொங்கவிடவில்லை என்பதே பொருள்.