பதிவாகும் குற்றங்கள் கூடினால் நல்ல செய்தியா? உள்ளாட்சியில் மகளிர் இடஒதுக்கீடு உணர்த்தும் பாடம்

புது தில்லி: பெண்களுக்கு எதிரான குற்றங்கள் குறித்த புள்ளிவிவரம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படும்போதெல்லாம், எந்தக் கட்சி ஆளும் மாநிலத்தில் எண்ணிக்கை அதிகம் என்ற வாக்குவாதம் எழுவது வழக்கம். ஆனால், வழக்குகள் கூடுவதாலேயே வன்முறையும் கூடிவிட்டதாகக் கருத முடியாது என்கிறது 2012-இல் வெளியான ஓர் ஆய்வு.

ஊராட்சி அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை ஒதுக்கும் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் அதை வெவ்வேறு ஆண்டுகளில் செயல்படுத்தின. இந்தக் கால இடைவெளியை அடிப்படையாகக் கொண்டு லட்சுமி ஐயர், ஆனந்தி மணி, பிராச்சி மிஸ்ரா, பெட்டியா டோபலோவா ஆகிய பொருளாதார அறிஞர்கள் குற்றப் பதிவுகளை ஆராய்ந்தனர்.

இடஒதுக்கீட்டுக்குப் பிறகு, பெண்களுக்கு எதிரானவையாகப் பதிவான குற்றங்கள் 44 சதவீதம் உயர்ந்திருந்தன. ஆண்களுக்கு எதிரான குற்றங்களிலோ, இருபாலருக்கும் பொதுவான குற்றங்களிலோ இத்தகைய உயர்வு இல்லை. குற்றம் பெருகியதைவிட, புகார் அளிக்கப் பெண்கள் முன்வந்ததும், காவல் துறை அவற்றை ஏற்றுப் பதிவு செய்ததுமே இதற்கு முக்கியக் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

உயர் பதவியில் ஒரு பெண் இருப்பதைக் காட்டிலும், உள்ளூர் மன்றங்களில் பெண்கள் பெருமளவில் உறுப்பினர்களாக இருப்பதே அதிகப் பலன் தருகிறது என்பதும் இந்த ஆய்வில் தெரியவந்தது. பெண் முதல்வர்களையும் பெண் பிரதமரையும் கண்ட நாட்டுக்கு இது கவனிக்கத்தக்கது.

எனினும், அவைக்குள் நுழைந்துவிட்டாலே பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் எம்.பி.க்களிடம் விசாரித்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களில் 81.8 சதவீதம் பேர் உளவியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். கொலை, பாலியல் வன்கொடுமை, தாக்குதல், கடத்தல் ஆகிய மிரட்டல்களைச் சந்தித்தவர்கள் 44.4 சதவீதம்.

மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா 1996-இல் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரவுடனும் 2 பேர் எதிர்ப்புடனும் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையும் அதிலேயே சேர்க்கப்பட்டது. இதனால் 2024 தேர்தல் இடஒதுக்கீடு இன்றியே நடந்தது. 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர் மட்டுமே. 2019-இல் வென்ற 78 பேரைவிட இது குறைவு.

ஊராட்சி மன்றங்களில் பெண்கள் அமர்ந்தபோது காவல் நிலையக் கதவு சற்றே திறந்தது. அந்த வாய்ப்பைச் சட்டம் இயற்றும் அவைகளுக்கும் விரிவுபடுத்துவதில் ஏற்படும் ஒவ்வோர் ஆண்டு தாமதத்துக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் புகார் மனுவுடன் காத்திருக்கும் பெண்களே.