மரை கெட்ட போல்ட்: எதைச் சீர் செய்யலாம், எதை மாற்ற வேண்டும்?

ஞாயிறு விடுமுறையில் பழைய காருக்குத் தாமே ஷாக் அப்சார்பர் மாற்றும் குமாஸ்தாக்கள் பெங்களூரில் உண்டு. கூலி மிச்சம். ஆனால் துருவேறிய போல்ட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது நட் ஏறாது. நுனியில் மரை நசுங்கியிருக்கும்.

அப்போது ஸ்பேனரைப் போட்டு அழுத்துவது பெரும் தவறு. முதல் இரண்டு மூன்று சுற்று நட் விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் போல்ட்டை டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுனி மட்டும் நசுங்கியிருந்தால் முக்கோண அரத்தால் மெல்ல ராவி, எண்ணெய் விட்டு, டை ஓட்டலாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பினால் இரும்புத் தூள் உதிரும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.5, 1.25 என வகை உண்டு. மாற்றி ஓட்டினால் இருக்கிற மரையும் போய்விடும்.

இது லேசான காயத்துக்கு மட்டுமே வைத்தியம். மரை உருவியிருந்தாலோ, போல்ட் நீண்டோ வளைந்தோ போயிருந்தாலோ புதிது வாங்குவதே வழி. சக்கரம் அதை நம்பித்தான் ஓடுகிறது. ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது தலையிலுள்ள 8.8, 10.9 போன்ற எண்ணைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். அது பலத்தின் அளவு. நைலான் வளையமுள்ள நட்டையும் புதிதாகவே போட வேண்டும்.

அடுத்த முறை நட்டை முழுதும் எடுக்காமல், போல்ட் நுனிக்குச் சமமாக நிறுத்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் மரை தப்பும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு அவசியம். மிச்சம் பிடிப்பது கூலியில் இருக்கட்டும், போல்ட்டில் வேண்டாம்.