கழிவெண்ணெயால் ஓடும் லாரி

பலகாரம் பொரித்து எஞ்சிய எண்ணெயால் லாரி ஓடுமோ என மாணவர்களாகிய நீங்கள் வியக்கலாம். ஓடும், ஆயின், முறையறிந்து ஓட்டுதல் வேண்டும்.

டீசல் எஞ்சினில், அழுத்தத்தால் பெருவெப்பமுற்ற காற்றினுள் நுண்டுளிகளாகப் பாயும் எண்ணெய், தீப்பொறியின் உதவியின்றியே எரிகின்றது. 1900ஆம் ஆண்டில் பாரிசு மாநகரப் பொருட்காட்சியில் இத்தகைய எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயாலேயே இயங்கிற்று.

எனினும், தாவர எண்ணெய் டீசலினும் பன்மடங்கு குழைவானது. குளிர்ந்த நிலையில் அது நன்கு சிதறாது. அரைகுறையாக எரிந்து கரியாய்ப் படிந்து எஞ்சினைக் கெடுக்கும். ஆதலின், லாரியில் இரு தொட்டிகள் அமைப்பர். முதலில் டீசலால் இயக்குவர். எஞ்சினைச் சுற்றிவரும் நீர் சூடேறி, எண்ணெயையும் சூடாக்கி இளக்கிய பின்னரே எண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு மாற்றுவர். இதனை மறந்தவன், குழாய்களில் தங்கிய எண்ணெய் ஆறித் தடித்தமையால், மறுநாட் காலையில் வண்டியைக் கிளப்பமாட்டாது வருந்துவான்.

கழிவெண்ணெயில் பலகாரத் துகளும் நீரும் கலந்திருக்கும். துகள் வடிகட்டியை அடைக்கும். நீர் பம்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே, அதனைத் தெளியவைத்து, வடிகட்டி, நீரகற்றிய பின்பே பயன்படுத்தல் வேண்டும்.

இவ்வெண்ணெயை மெத்தனாலுடன் வேதிவினைப்படுத்தி, இளகிய உயிரி டீசலாக்குவதும் உண்டு. இதன்பொருட்டுப் பழைய சமையல் எண்ணெயைத் திரட்டும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிற்று. பலமுறை காய்ந்த எண்ணெய் உண்பார்க்குத் தீங்கு செய்யும். சாக்கடையில் ஊற்றினால் அடைப்பை உண்டாக்கும். அதுவே தூய்மையுற்று எஞ்சினை அடையின் ஆற்றலாகின்றது. கழிபொருளும் சேருமிடம் அறிந்து சேர்ப்பின் பயன் தரும் அன்றோ?