அப்பாவின் பிக் கிளாஸ்

அப்பா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்தவற்றில் இன்னும் உழைப்பது ஒரு பிக் கிளாஸ்தான். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் மடக்குப் பூதக்கண்ணாடி. பீளமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன் கிடையாது. செர்ரி இறால்கள், நன்றாக வளர்ந்தாலே ஓர் அங்குலம்தான். மகளின் பழைய பாக்கெட் கேமராவில் பூப்படம் போட்ட மேக்ரோவை வைத்து எடுத்தால் சிவப்பாக ஏதோ ஒன்று விழும், அவ்வளவுதான்.

ஒருநாள் பிக் கிளாஸைத் தொட்டிச் சுவரில் ஒட்டவைத்து, அதன் பின்னால் கேமராவைப் பிடித்தேன். கண்ணாடியின் வெளிப்புறத் தூசி துல்லியமாக விழுந்தது, இறால் விழவில்லை. பிக் கிளாஸின் கால், துணிமேல் உட்கார்ந்தால் துணி தெளிவாகத் தெரியும்படி அளந்து செய்த உயரம். என் இறாலோ ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் சும்மா இருப்பேனா? லென்ஸை மட்டும் கழற்றி, அலுமினியத்தில் வளையம் கடைந்து கேமரா மூக்கில் மாட்டினேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. (பட்டறை இல்லாதவர்களுக்கு அட்டைக் குழாயும் டேப்பும் போதும்.)

இனி எல்லாம் பொறுமைதான். படத்தின் ஓரம் கறுத்தால் கொஞ்சம் ஜூம் செய்ய வேண்டும். தெளிவு கிடைப்பது ஓர் அட்டையின் தடிமன் ஆழத்துக்குத்தான். முழங்கையை மேசையில் ஊன்றி, கேமராவையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் நீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்துப் படத்தைக் கலங்கடிக்கும். பிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பட்டுத் திரும்பும். எமர்ஜென்சி லைட்டைத் தொட்டிக்கு மேலே வைத்து, நடுவே டிரேசிங் பேப்பர் விரித்தேன். நாற்பது எடுத்தால் ஒன்று தேறும்.

அப்படித் தேறிய ஒன்றில், நான் அழுக்கென்று நினைத்திருந்த அரை நூல் நீளப் புள்ளி ஓர் உயிராக நின்றது. நெற்றியில் ஒரே கண், வாலோரம் இரண்டு முட்டைப் பைகள்: சைக்ளாப்ஸ். நரம்புச் சிலந்திப் புழுவைக் குடிநீர் வழியே மனிதனுக்குள் கொண்டுபோனது இந்த இனம்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதே அதற்குப் பெரிய தடுப்பு. அந்த நோய் இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றளித்தது. அம்முச்சி கிணற்றுத் தண்ணியை வேட்டித் துணியில் வடிகட்டுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஏரித் தண்ணீரில் நுண்ணுயிர்களைக் கண்டு 1674-இல் கடிதம் எழுதிய லேவன்ஹுக்கும் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரிதான். இழை பார்க்கும் கண்ணாடியில்தான் அவருக்கு இந்தப் பித்து பிடித்தது என்பார்கள்.

போன வாரம் சினை இறால் ஒன்று கண்ணாடியோரம் அசையாமல் நின்றது. வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள். ஒவ்வொன்றிலும் மிளகுப் பொடி போலக் கண் புள்ளிகள். பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கி அப்பாவுக்குக் காட்டினேன். பேனா முனையைத் திரையில் வைத்து, இழை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இந்தப் பக்கம் பதினேழு, கண்ணு. அந்தப் பக்கத்தையும் ஒண்ணு எடு."