பெரட்டில் நிற்காத நட்சத்திரம்

பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். தேர்வெல்லாம் முடிந்து, பிள்ளைகளுக்குப் பொழுது போகாத நேரம். விண்வெளிக் கப்பலை நாமே ஓட்டிப் பார்ப்பது போன்ற ஒரு பாவனைச் செயலியை வகுப்பு மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். சந்திரன், செவ்வாய் எல்லாம் சுற்றி முடித்த பிறகு, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஒரு பெரிய கல்லில் கப்பலை இறக்கப் பார்த்தான். கப்பல் தரையைத் தொட்டதும் பந்துபோல் எகிறி மேலே மேலே போய்விட்டது. மூன்று தடவையும் அப்படியே.

"இது என்னா கல்லு டீச்சர்? நிக்கவே மாட்டேங்குது!"

திரையில் பெயரைப் படித்தேன். சில்வியா, எண் 87. எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதே என்று, வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். நான் நினைத்தது சரிதான். இந்தக் கல்லை முதன்முதலில் கண்டது அமெரிக்காவிலும் அல்ல, ருஷ்யாவிலும் அல்ல. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய அதே சென்னையில், நுங்கம்பாக்கத்தில்!

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இப்படி லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்பார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடப்பதில்லை. 1972இல் பயனீர் 10 என்ற ஆளில்லாக் கப்பல் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, எதிலும் மோதாமல் மறுபக்கம் வெளியேறியது. அவ்வளவு இடைவெளி!

சில்வியா அவற்றில் பெரியவர்களில் ஒருத்தி. நீளம் சுமார் 360 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து காரில் புறப்பட்டால் கோலாலம்பூரையும் தாண்டிப் போக வேண்டும். உருவமோ உருளைக்கிழங்கு. ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் அங்கே ஒரு நாள் முடிந்துவிடும். ஆனால் ஓராண்டு முடிய நம் கணக்கில் ஆறரை ஆண்டு வேண்டும். கப்பலை எகிறவிட்ட அந்தப் பையன் அங்கே பிறந்திருந்தால் இன்னும் இரண்டாவது பிறந்த நாள் கொண்டாடியிருக்க மாட்டான்.

கப்பல் ஏன் நிற்கவில்லை? அந்தக் கல்லின் ஈர்ப்பு அத்தனை குறைவு. இங்கே 60 கிலோ எடையுள்ள ஆள் அங்கே ஏறக்குறைய 300 கிராம்தான் இருப்பார். ஒரு டின் பாலின் கனம்கூட இல்லை. நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால், தரைக்கு வந்து சேர ஒரு நிமிடம் பிடிக்கும். பையன் நம் ஊர் விமானம் இறங்கும் வேகத்தில் இறங்கினால் நடக்குமா?

வானத்துப் பெரட்டு

சென்னை வானாய்வு நிலையத்துக்கு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார்கள். அதன் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. தமிழிலும் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1861இல் அங்கே தலைமை வானியலாளராக வந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17ஆம் நாள், ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அதனால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். சில்வியா அகப்பட்டது 1866 மே 16இல். 1885க்குள் சென்னையிலிருந்து மொத்தம் ஐந்து சிறுகோள்களை அவர் கண்டார்.

எப்படிக் கண்டார்? சிறுகோள்களைப் புகைப்படத்தில் பிடிக்கும் வழி 1891இல்தான் வந்தது. அதுவரைக்கும் கண்தான், பொறுமைதான். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் பெரட்டுக் களத்தைத்தான் சொன்னேன். விடியற்காலையில் ஆட்கள் அவரவர் இடத்தில் நிற்பார்கள். தினமும் பார்த்துப் பழகிய கங்காணிக்கு, புதிதாக ஓர் ஆள் நின்றாலோ, இடம் மாறி நின்றாலோ ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதேபோல வானத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திரங்களை எல்லாம் படத்தில் குறித்துக்கொள்வார்கள். மறுநாளும் பார்ப்பார்கள். நட்சத்திரங்கள் வரிசையில் அப்படியே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதுதான் ஆள்!

இந்த வேலையை ஒருவரே தனியாகச் செய்துவிட முடியாது. கணக்குப் போடுபவர்கள், அளப்பவர்கள், எழுதுபவர்கள் என்று பலர் அங்கே உழைத்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தில் வந்தவர். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867இல் அவரே கண்டுபிடித்தார். அது சென்னையில் தென்திசையில் மிகத் தாழ்வாகத் தெரிவது. நம் ஜொகூர் வானத்தில் இன்னும் கொஞ்சம் உயர ஏறும். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

நம் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒருவரும் அங்கே இருந்தார். போக்சனின் மகள் ஐசிஸ். 1873இல் அங்கே கணக்கு வேலையில் சேர்ந்து 25 ஆண்டுகள் உழைத்தார். 1886இல் அதே கழகத்தில் சேர அவர் பெயரை முன்மொழிந்தபோது, பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். கடைசியில் 1920இல் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு 68 வயது!

இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "அப்ப அந்தக் கல்லுங்களுக்கு ஒரு தமிழ்ப் பேருகூட இல்லையா டீச்சர்?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. என் தாத்தா காடழித்து ரப்பர்க் கன்று நட்டவர். அவர் பெயர் செக்ரோல் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அந்தப் புத்தகமும் இப்போது எங்கே இருக்கிறதோ! மரங்களையும் வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள்.

ஆனால் அவள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதிலே இருந்தது. 1885க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோளும் அகப்படவில்லை. 103 ஆண்டு கழித்து, 1988 பிப்ரவரி 17இல், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையத்திலிருந்து ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கண்டார். அதன் எண் 4130. பெயர் 'ராமானுஜன்'. ஆம், கும்பகோணத்துப் பள்ளியில் படித்த நம் கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான். பெயரைக் கரும்பலகையில் எழுதியதும் அந்தப் பிள்ளை அதைத் தன் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதிக்கொண்டாள்.

சில்வியாவுக்கும் பிற்காலத்தில் ஒரு சிறப்பு வந்தது. அதைச் சுற்றி 2001இல் ஒன்றும் 2004இல் இன்னொன்றுமாக இரண்டு குட்டிச் சந்திரன்களைக் கண்டார்கள். இரண்டு சந்திரன் உள்ள சிறுகோள் என்று முதலில் தெரிய வந்தது இதுதான். ரோமாபுரிக் கதையில் சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரெமஸ் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். அவை சுற்றும் வேகத்தைக் கொண்டு தாயின் எடையைக் கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய உருவம், ஆனால் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம்! ஆகவே அது ஒரே பாறை அல்ல. உள்ளே இடைவெளி நிறைந்த சல்லிக் குவியல் போன்றது என்கிறார்கள். சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறைவதை அளந்தும், பெரிய தொலைநோக்கிகளில் பார்த்தும்தான் அதன் உருவத்தை வரைந்திருக்கிறார்கள். எந்தக் கப்பலும் இன்றுவரை அதன் அருகே போனதில்லை.

வெறுங்கண்ணால் சில்வியாவைப் பார்க்க முடியாது. வெஸ்டா என்ற சிறுகோளை மட்டும், அது நன்றாக ஒளிரும் காலத்தில், இருட்டான இடத்திலிருந்து பார்க்கலாம். இருட்டுக்கு நம் தோட்டத்தில் பஞ்சமில்லை. மழை மேகம்தான் வழிவிட வேண்டும்.

விடுமுறைக்கு முதல் நாள் அந்தப் பையன் மறுபடி மடிக்கணினி முன் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கப்பலின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஆமைபோல் இறக்கினான். வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்தது. ஓய்வு மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. கப்பல் மெல்லத் தொட்டு, ஒரு தடவை லேசாக ஆடி, நின்றது.

"இங்கேருந்து சென்னை தெரியுமா டீச்சர்?" என்றான்.

சூரியனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு புள்ளியைத் தேடிக் காட்டினேன். சென்னையும் ஜொகூரும் அதற்குள்தான் இருந்தன.