பழைய கம்ப்யூட்டர் கேம் ஓட மறுக்கிறதா? அதற்குள் இத்தனை அதிசயங்கள்... தெரியுமா?

ஆசை ஆசையாக வாங்கிய பழைய கேம். புது லேப்டாப்பில் டபுள் க்ளிக் செய்கிறீர்கள். திரை ஒரு நொடி கறுக்கிறது, பிறகு ஒன்றுமே இல்லை! 'இனி இது ஓடாது' என்று நம்மில் பெரும்பாலோர் மூடி வைத்துவிடுகிறோம். அவசரப்படாதீர்கள்! ஓடாத கேம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சம்பளம் எதுவும் வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டால் அசந்து போவீர்கள்!

'டர்போ' பட்டன் இருந்ததே வேகத்தைக் குறைக்கத்தான்... தெரியுமா?

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் வெறும் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றுக்கு ப்ராசஸரின் வேகம்தான் கடிகாரம். அதைவிட வேகமான கம்ப்யூட்டர்கள் வந்ததும் என்ன ஆயிற்று? எதிரிகள் மின்னலாகப் பாய்ந்தார்கள், விளையாடுபவர் கை வைப்பதற்குள் ஆட்டம் முடிந்தது! அதற்காகவே 80-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் கேபினெட்டின் முகப்பில் 'டர்போ' பட்டனை வைத்தார்கள். அதை அணைத்தால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே மெதுவாகும், பழைய கேம் பழைய வேகத்துக்கு வரும்.

பூஜ்ஜியமே இல்லாத இடத்தில் 'பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டாய்' என்று எர்ரர் வந்த கதை தெரியுமா?

'ரன்டைம் எர்ரர் 200'. 90-களின் பிற்பகுதியில் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த செய்தி இது! டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய புரோகிராம்கள் பலவும், தொடங்கும்போது ஒரு சின்னக் கணக்குப் போடும். சுமார் 55 மில்லிசெகண்டில் இந்தக் கம்ப்யூட்டர் எத்தனை சுற்று எண்ணுகிறது என்று பார்த்து, அதை 55-ஆல் வகுக்கும். விடை 65,535-க்குள் அடங்கும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய ப்ராசஸர்கள் வந்தன. விடை அந்த எல்லையைத் தாண்டியது. வகுத்தலில் கோளாறு என்று ப்ராசஸர் கூச்சலிட, புரோகிராமோ அதைப் 'பூஜ்ஜியத்தால் வகுத்தல்' என்று எடுத்துக்கொண்டு படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் அதிவேகமாக இருந்ததே குற்றம்!

கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டரை ஓட்டலாம்... தெரியுமா?

அதன் பெயர் டாஸ்பாக்ஸ். 2002-இல் வெளியான இலவச மென்பொருள். பழைய ப்ராசஸர், பழைய டிஸ்ப்ளே, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு என்று ஒரு டாஸ் கம்ப்யூட்டரையே அது மென்பொருளாக நடித்துக் காட்டுகிறது! 'டேஞ்சரஸ் டேவ்' விளையாட வேண்டுமா? கேம் இருக்கும் ஃபோல்டரை 'மவுன்ட்' கட்டளையால் சி டிரைவாகக் காட்டுங்கள், இயக்குங்கள், முடிந்தது. டேவ் தாறுமாறாக ஓடினால் கன்ட்ரோலையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், வேகம் குறையும். தூங்கி வழிந்தால் கன்ட்ரோலும் எஃப்12-உம். அந்தக் காலத்து டர்போ பட்டன் இப்போது உங்கள் கீபோர்டிலேயே! இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் டாஸ் கேம்களில் பலவற்றுக்குள்ளும் ஓடிக்கொண்டிருப்பது இதே டாஸ்பாக்ஸ்தான்.

ஒரே ஒரு கேமுக்காக விண்டோஸ் தன்னை மாற்றிக்கொண்டது... தெரியுமா?

'சிம்சிட்டி' கேமில் ஒரு பிழை இருந்தது. 'இந்த மெமரி எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்த இடத்தையே மறுபடி எட்டிப் படித்தது. விண்டோஸ் 3 காலத்தில் அந்த இடம் உடனே வேறு யாருக்கும் போகாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95-இலோ கேம் கவிழ்ந்தது! மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிம்சிட்டி ஓடுகிறதா என்று விண்டோஸ் பார்க்கும். ஓடினால் மெமரியை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும். இப்படி ஓர் ஏற்பாட்டை விண்டோஸுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்! பிழை கேமுடையது, பொறுப்பை ஏற்றது விண்டோஸ்.

ஊதாத் தண்ணீருக்கு மருந்து, டாஸ்க்பாரை மூடுவது... தெரியுமா?

1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமை விண்டோஸ் 7-இல் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். புல்வெளி சிவக்கும், தண்ணீர் ஊதா நிறமாகும்! அந்த கேம் 256 நிறங்களை மட்டும் வைத்து வரைகிறது. அந்த நிறப் பட்டியலில் விண்டோஸின் 'எக்ஸ்ப்ளோரர்', அதாவது டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் புரோகிராம், குறுக்கே கை வைத்ததுதான் கோளாறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்தினால் தண்ணீர் நீலமாகிவிடும். அதைவிட விந்தை, 'ஸ்க்ரீன் ரெசல்யூஷன்' ஜன்னலைச் சும்மா திறந்து வைத்துவிட்டு கேமைத் தொடங்கினாலும் நிறம் சரியாகும்!

இன்னொன்று கேளுங்கள். ரசிகர்கள் தாங்களாகச் செய்த ஒரு விரிவாக்கம், 2013-இல் இந்த கேமின் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2019-இல் கேமே புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் யார் வந்தார்கள் தெரியுமா? திராவிடர்கள்! உருமி வாள் வீரன், திரிசடை என்னும் போர்க்கப்பல், கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் வூட்ஸ் எஃகு, கதை நாயகனாக ராஜேந்திர சோழன்! பிறந்து 23 ஆண்டு கழித்து ஒரு கேமுக்குள் சோழர் படை புறப்பட்டது!

கேம் நன்றாக இருக்கும், இன்ஸ்டாலர்தான் செத்திருக்கும்... தெரியுமா?

64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம்கள் ஓடாது. 90-களின் கேம்கள் பலவும் 32-பிட், அவற்றுக்குச் சிக்கலில்லை. ஆனால் அவற்றை நிறுவித் தரும் இன்ஸ்டாலர் 16-பிட்! அதனால் வாசலிலேயே வண்டி நின்றுவிடும். இதற்கும் விண்டோஸுக்குள் ஒரு ரகசிய உதவி உண்டு. பிரபலமான சில பழைய இன்ஸ்டாலர்களை அடையாளம் கண்டால், சத்தமில்லாமல் அவற்றின் இடத்தில் 32-பிட் இன்ஸ்டாலரை வைத்து வேலையை முடித்துவிடும்!

ஒரிஜினல் சிடி வைத்திருப்பவருக்கே கேம் ஓடாமல் போனது தெரியுமா?

திருட்டு நகலைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' என்று ஒரு பூட்டு இருந்தது. அது விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவராக உட்கார்ந்துகொண்டு சிடி அசல்தானா என்று சோதிக்கும். அந்த டிரைவரால் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அதற்கு இடமே தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஓர் அப்டேட், விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை அணைத்தது. நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் சிடியோடு நின்றார்கள்! அத்தகைய கேம்களில் சில, இன்று பூட்டு நீக்கப்பட்டு இணையக் கடைகளில் சட்டப்படியே கிடைக்கின்றன.

பின்பால் ஏன் காணாமல் போனது தெரியுமா?

விண்டோஸ் எக்ஸ்பியில் எல்லோரும் ஆடிய 'ஸ்பேஸ் கேடட்' பின்பால், விஸ்டாவில் இல்லை. 64-பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் பலகைக்குள்ளேயே விழுந்து மறைந்தது! வெளி நிறுவனம் எழுதிய குறிப்பில்லாத கோட் என்பதால் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களாலேயே பிழையைப் பிடிக்க முடியவில்லை, தூக்கிவிட்டார்கள். பின்னாளில் ஆர்வலர்கள் அந்தப் புரோகிராமைப் பிரித்து ஆராய்ந்து, மீண்டும் கோடாக எழுதினார்கள். இன்று பின்பால் லினக்ஸில்கூட ஓடுகிறது!

20 ஆண்டு ஒளிந்திருந்த பிழை, ஒரு விண்டோஸ் அப்டேட்டில் வெளிவந்தது தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் உச்சம்! 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் 'ஸ்கிம்மர்' என்று தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு அந்த விமானம் கேமிலிருந்தே மறைந்தது. அதை வலுக்கட்டாயமாக வரவழைத்தால், நாயகன் சிஜே கற்பனைக்கே எட்டாத உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டான்! எல்லோரும் விண்டோஸைத்தான் சந்தேகித்தார்கள்.

கேமுக்குப் பல ஆண்டுகளாக பேட்ச் எழுதிவரும் ஓர் ஆர்வலர் உள்ளே இறங்கிப் பார்த்தார். வண்டிகளின் விவரம் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. முந்தைய 'வைஸ் சிட்டி' கேமில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்தது. படகுக்குச் சக்கரம் எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக்கியவர்கள், அதன் வரியில் சக்கர அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். பிறகு 20 ஆண்டு எப்படி ஓடியது? அந்த ஃபைலில் அதற்கு முந்தைய வரியில் இருந்த வேனின் சக்கர அளவு 0.7, மெமரியில் அழியாமல் கிடந்தது. ஸ்கிம்மர் அதையே எடுத்துப் பயன்படுத்தியது! புது விண்டோஸ் அந்த மெமரி இடத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வேனின் சக்கரம் அழிந்தது, ஏதோ ஒரு குப்பை எண் வந்து உட்கார்ந்தது, விமானம் மறைந்தது. தீர்வு? நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு வரியில் விடுபட்ட எண்களைச் சேர்ப்பது. அவ்வளவுதான்!

ஒரு பிழையைக் காப்பாற்றவே தனியாக கோட் எழுதினார்கள்... தெரியுமா?

1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' கேமில் மெமரி எல்லை மீறும் ஓட்டை ஒன்று இருந்தது. ரசிகர்கள் அந்த ஓட்டை வழியாகவே புதுப்புது விதிகளோடு மேப்களை உருவாக்கினார்கள். 2017-இல் புதுப்பித்த பதிப்பு வந்தபோது ஓட்டையை அப்படியே விட்டால் ஆபத்து, அடைத்தால் ரசிகர்களின் மேப்கள் பாழ்! பிளிஸார்ட் பொறியாளர்கள் ஓட்டையை அடைத்துவிட்டு, அந்த ஓட்டை இருந்தால் என்ன நடக்குமோ அதைப் பாதுகாப்பாக நடித்துக் காட்டும் கோட் எழுதினார்கள். மேப்கள் பிழைத்தன!

அட்டைப்பெட்டியில் கிடைத்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' தெரியுமா?

ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதிய கேம் இது. அதன் மூல கோட் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார், உள்ளே அந்த ஃப்ளாப்பிகள்! வல்லுநர்கள் துணையோடு அவற்றைப் படித்து, மூல கோடை உலகம் முழுவதும் பார்க்கும்படி வெளியிட்டார். 'டூம்' கேமின் கதையோ திட்டமிட்ட கொடை. 1993-இல் வந்த அந்த கேமின் மூல கோடை 1997 டிசம்பரில், அதை உருவாக்கிய 'ஐடி சாஃப்ட்வேர்' நிறுவனமே வெளியிட்டது. டூம் இன்று கண்ணில் படும் கருவியில் எல்லாம் ஓடுவதற்கு அந்த ஒரு முடிவுதான் காரணம்.

ஐபிஎல் பிறப்பதற்கு முன் வந்த கேமில் ஐபிஎல் ஆடுகிறார்கள்... தெரியுமா?

ஈஏ ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' வெளியானது 2006 நவம்பரில். ஐபிஎல் தொடங்கியது 2008-இல்! அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு ஈஏ கிரிக்கெட் கேமே போடவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஜெர்ஸி, பேட், மைதானம், வீரர் பட்டியல் என்று தாங்களே வரைந்து, தாங்களே பேட்ச் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் ஜெர்ஸி அந்த கேமுக்குள் வந்தது ரசிகர்களின் கைவண்ணத்தால்தான்.

நிறுவனம் மூடிய பிறகும் பேட்ச் வருவது நிற்கவில்லை... தெரியுமா?

2004-இல் 'வேம்பயர்: பிளட்லைன்ஸ்' என்ற கேமை, பிழைகள் தீராத நிலையிலேயே வெளியிட்ட ட்ராய்கா நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதைச் சரிசெய்யும் வேலையைக் கையில் எடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஒருவர். இருபது ஆண்டுகளை ஒட்டி பேட்ச் மேல் பேட்ச்சாகப் போட்டு, அந்த கேமை முழுமையாக்கியிருக்கிறார். காசுக்காக அல்ல!

உங்கள் கேமை நீங்களே எழுப்பலாம்... தெரியுமா?

முதலில் ஐகானில் ரைட் க்ளிக், ப்ராப்பர்டீஸ், அதில் 'கம்பேட்டிபிலிட்டி'. பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், கேமிடம் 'நான் எக்ஸ்பிதான்' என்று விண்டோஸ் சொல்லிவிடும்! 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று எர்ரர் வந்தால், கண்ட இடத்தில் அந்த ஃபைலை இறக்காதீர்கள், வைரஸ் வர அதுவே வழி. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்பை நிறுவினாலே போதும். 'டைரக்ட்ப்ளே' கேட்டால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'லெகஸி காம்பொனென்ட்ஸ்' கீழே டிக் செய்யுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் பழைய கேமை வைக்காதீர்கள். அங்கே எழுத அனுமதி இல்லாமல் சேவ் செய்வதில் சிக்கல் வரும். தனியாக ஒரு ஃபோல்டர் போடுங்கள். எந்த பேட்ச் போடுவதற்கு முன்பும் கேம் ஃபோல்டரையும் சேவ் ஃபைல்களையும் நகல் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கேம் சிடிக்கள் இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். சிடி நாளாக நாளாகக் கெட்டுப்போகும் பொருள். புது லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவும் இல்லை. யாரிடமாவது வெளி டிரைவ் வாங்கி, இந்த வாரமே அவற்றை ஐஎஸ்ஓ ஃபைலாக நகல் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இன்று ஓடாவிட்டாலும் பரவாயில்லை. நகல் கையில் இருந்தால், சரிசெய்யத் தெரிந்த ஒருவர் நாளை வருவார்!