உறுமல் சத்தத்துக்கு ஆசைப்பட்டா... என்ஜினுக்கு வேட்டு!

பொத்தேரி: ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் உறுமிக்கிட்டு பாயணும் என்ற ஆசையில், கம்பெனி மாட்டிய ஏர் பில்டர் பெட்டியை கழற்றி வீசிவிட்டு கூம்பு பில்டரை தாங்களே மாட்டிக்கொள்ளும் வாலிபர்கள் உண்டு.

சத்தம் கூடும், உண்மைதான். இழுவை? பெரிசா ஒண்ணுமில்லை. பெட்டி இல்லாத பில்டர், பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். அதில் ஆக்சிஜன் கம்மி. சித்திரை வெயிலில், டிராபிக்கில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

குளிர்ந்த காற்றுக்காக குழாயை பம்பருக்கு கீழே இறக்கினால் ஆபத்து வேறு. மழை வெள்ளத்தில் குழாய் வாய் மூழ்கினால், தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாதே! கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் 'அவுட்'. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாற்றமே செய்யாத கார்களுக்கும் இந்த கதி வந்தது. 'என்ஜின் புரொடெக்ட்' பாலிசி தனியாக எடுக்காதவர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் பெரும்பாடு. தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

சட்டமும் சும்மா விடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

இழுவை குறைந்த வண்டிக்கு முதலில் தூசி அடைத்த பழைய பில்டரை மாற்றிப் பார்க்கலாம். சாதாரண கார்களுக்கு செலவு சில நூறு ரூபாய்தான்.